டெல்டா மாவட்டங்களில் மழை விடுமுறையை முந்தைய நாளே கணிப்பது எப்படி? புதிதாகக் குடிவந்தோருக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களுக்கு வேலை மாற்றலாகி வரும் குடும்பங்களுக்கு, ஐப்பசி பிறந்ததும் நாளை பள்ளி உண்டா இல்லையா என்ற கவலை தொடங்கிவிடுகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், காலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் செய்தியைப் பார்த்த பிறகுதான் பிள்ளையை யாரிடம் விடுவது என்று யோசிக்க வேண்டுமென்றால், அன்றைய நாள் குலைந்துதான் போகும். முந்தைய நாள் மாலையிலேயே பெரும்பாலும் சரியாக ஊகித்துவிடலாம். எந்த அறிவிப்பை எப்போது பார்ப்பது, அதை நம் ஊர் நிலவரத்தோடு எப்படிப் பொருத்துவது என்பது தெரிந்திருந்தால் போதும். வானிலை அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

விடுமுறை விடுவது யார்?

மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். சென்னையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் மழை எச்சரிக்கையை மட்டுமே கொடுக்கும். பள்ளியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எத்தனை சென்டிமீட்டர் மழை வரும் என்பதோடு, பள்ளி வாகனங்கள் போகும் சாலையில் தண்ணீர் நிற்கிறதா, தரைப்பாலம் மூழ்கியிருக்கிறதா, பள்ளிக் கட்டடங்கள் பாதுகாப்பாக இருக்கின்றனவா, எந்தப் பள்ளியிலாவது நிவாரண முகாம் நடக்கிறதா என்பனவற்றையும் மாவட்ட நிர்வாகம் பார்க்கிறது. ஆகவே நீங்கள் கணிக்க வேண்டியது வானத்தை மட்டுமன்று. காலை ஏழு மணிக்கு ஒரு பள்ளி வேன் கிராமத்துச் சாலையில் போக முடியுமா என்பதையும் சேர்த்துத்தான்.

அடுத்து, நீங்கள் எந்த மாவட்டம், எந்த வட்டம் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இது அற்பமான விஷயம்போலத் தோன்றலாம். மயிலாடுதுறை 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்து, பிறகு தனி மாவட்டமாயிற்று. எனவே, பழைய பழக்கத்தில் “நாகைக்கு லீவு” என்று யாராவது சொல்வதைக் கேட்டுச் சீர்காழியில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடக் கூடாது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அதற்கான அறிவிப்பு தனியாக வரும். நாகூரில் குடியிருந்து காரைக்காலில் படிக்கும் பிள்ளைக்குக் காரைக்கால் அறிவிப்புத்தான் பொருந்தும். அதுபோலவே, கும்பகோணத்தில் வீடும் குத்தாலத்தில் வேலையுமாக இருக்கும் ஆசிரியர், பிள்ளையின் பள்ளிக்கு ஒரு மாவட்டத்தையும் தம் பள்ளிக்கு இன்னொரு மாவட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒரே மாவட்டத்துக்குள்ளும் சில வட்டங்களுக்கு மட்டும் விடுமுறை விடப்படுவதுண்டு.

எந்த மாதங்களில் விழிப்பாக இருப்பது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பது கணக்கு. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று ஊரில் சொல்வது இந்தக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆனால் பொங்கலோடு மழைக்காலம் முடிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் டெல்டாவின் பல இடங்களில் சாய்ந்துபோனது. மார்கழிப் பனி எவ்வளவு அடர்ந்திருந்தாலும் அதற்கு இங்கே விடுமுறை கிடையாது. வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கொள்ளிடக் கரையோரம் குடியிருப்போருக்கு இன்னொரு காலமும் உண்டு. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வலுத்து, மேட்டூர் அணை தன் முழு உயரமான 120 அடியை எட்டிவிட்டால், வருகிற உபரி நீரெல்லாம், திருச்சி அருகே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படுகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் சுள்ளென்று வெயிலடிக்கும் நாளிலும் சீர்காழி வட்டத்தின் படுகைக் கிராமங்களிலும் திட்டுக் கிராமங்களிலும் தண்ணீர் புகுவது இதனால்தான். அப்போது மழை முன்னறிவிப்பைப் பார்த்துப் பயனில்லை; மேட்டூரிலிருந்தும் முக்கொம்பிலிருந்தும் எத்தனை கனஅடி திறக்கப்படுகிறது என்ற செய்தியைத்தான் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கையை வாசிக்கும் முறை

வானிலை ஆய்வு மையத்தின் சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது கனமழை. அதற்கு மேல் 204.4 மில்லிமீட்டர் வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. செய்திகளில் இவற்றை முறையே 7 முதல் 11 சென்டிமீட்டர், 12 முதல் 20 சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டருக்கு மேல் என்று முழு எண்களாகச் சொல்வார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளும் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே வருகின்றன.

அளவைக் காட்டிலும் அதற்கு முன்னால் வரும் சொற்களைத்தான் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். “ஓரிரு இடங்களில் கனமழை” என்றால், அந்த மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாத இடங்களில் மட்டும் அந்த அளவு பெய்யலாம் என்று பொருள். வேதாரண்யத்தில் கொட்டித் தீர்க்கும்போது கீழ்வேளூரில் தூறலோடு நின்றுவிடலாம். இரண்டும் நாகப்பட்டினம் மாவட்டந்தான், எச்சரிக்கையும் பொய்த்துவிடவில்லை. “ஒருசில இடங்களில்” என்றால் பரப்பு கூடுகிறது. “பெரும்பாலான இடங்களில்” என்ற சொல்லோடு ஆரஞ்சு நிறமும் சேர்ந்து வந்தால், அன்று மாலை வரை காத்திராமல் பாட்டி வீட்டுக்குச் சொல்லி வைத்துவிடலாம்.

தேதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மழைக் கணக்கு நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை ஒரு நாள். செவ்வாய்க்கிழமைக்கான எச்சரிக்கை என்பது புதன்கிழமை அதிகாலையையும் உள்ளடக்கியது. புதன்கிழமை பள்ளி நடக்குமா என்று அறிய, புதன்கிழமைக்கான நிறத்தைப் பார்ப்பதோடு செவ்வாய்க்கிழமையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். சொல்லப்போனால் செவ்வாய்க்கிழமையின் நிறமே முக்கியமானது. மழை அளவுப் பட்டியலையும் இப்படியே வாசிக்க வேண்டும். சீர்காழியில் 2022 நவம்பரில் பெய்த 44 சென்டிமீட்டர் மழை 12ஆம் தேதி காலைக் கணக்கில் இருந்தாலும், அது 11ஆம் தேதி காலைக்குப் பிறகு பெய்த மழையே.

அந்த மழைக்குப் பிறகு தமிழக அரசு குடும்பத்துக்கு 1,000 ரூபாய் வெள்ள நிவாரணம் அறிவித்தபோது, சீர்காழி, தரங்கம்பாடி ஆகிய இரண்டு வட்டங்களைத்தான் குறிப்பிட்டது. ஒரே மாவட்டத்தில் மயிலாடுதுறையும் குத்தாலமும் அதில் இடம்பெறவில்லை. மழை இங்கே எவ்வளவு குறுகிய பரப்பில் குவிந்து கொட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புயலின் பெயரைக் கேட்டுப் பதறுவதும், பெயரில்லாத சுழற்சியை அலட்சியம் செய்வதும் ஒன்றுபோலத் தவறு. காற்றின் வேகத்தை வைத்தே தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற பெயர்கள் அமைகின்றன. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல். மழையின் அளவுக்கும் அந்தப் பெயர்களுக்கும் நேரான தொடர்பில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது ஒரு வளிமண்டலச் சுழற்சிதான். மாறாக, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக இலங்கைக் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோதே டெல்டாவில் பலத்த மழையும் விடுமுறைகளும் வந்தன. அது புயலாகி 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நேரத்தில் பெருமழை விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. சின்னம், அதாவது கடலில் உருவான தாழ்வு மண்டலமோ புயலோ, எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்ற இரண்டையும் கேளுங்கள். மெதுவாக நகரும் சின்னம் என்றால், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பின்னாக மழை வரும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. நாகை, காரைக்கால் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வந்தால், தொலைவில் கடலில் ஒரு சின்னம் உருவாகியிருக்கிறது என்பதுதான் பொருள். அதை வைத்து விடுமுறையை எதிர்பார்ப்பது அவசரம்.

முந்தைய நாள் மாலையில் செய்ய வேண்டியவை

நண்பகலை ஒட்டி வெளியாகும் வானிலை அறிக்கையை மாலையில் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பிறகு அதை மறந்துவிட்டுத் தெருவுக்குப் போங்கள். டெல்டாவில் விடுமுறையைத் தீர்மானிப்பது முதல் நாள் கனமழையைக் காட்டிலும் மூன்றாம் நாள் மிதமான மழை என்பது என் கணிப்பு. காரணம் நிலத்தின் அமைப்பு. கிழக்கு நோக்கி மிக மெல்லிய சரிவுடைய சமவெளி இது. வயலில் நிற்கும் நீர் வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வடிகால் ஆறுகளுக்கும் வந்து, பிறகு கடலுக்குப் போக வேண்டும். கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும்போது காற்று கரையை நோக்கி வீசும், கடல்மட்டமும் உயரும்; அதனால் முகத்துவாரத்தில் ஆற்று நீர் எதிர்த்து நிற்கும். வானம் கொடுத்த நீரைக் கடல் வாங்கிக்கொள்ள மறுக்கும் நாட்களில், ஐந்து சென்டிமீட்டர் மழையே ஊரை முடக்கிவிடும்.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்றுண்டு. வீட்டருகே உள்ள வடிகால் வாய்க்காலில் ஒரு வைக்கோல் துணுக்கைப் போட்டுப் பாருங்கள். அது ஓட்டத்தோடு போனால் ஊர் இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது. நின்ற இடத்திலேயே சுற்றினாலோ, வந்த வழியே மெல்லத் திரும்பினாலோ, இரவு மழை முழுவதும் தெருவில்தான் நிற்கும். வயலைப் பாருங்கள்: சம்பா நாற்றின் நுனி மட்டும் வரிசையாகத் தண்ணீருக்கு மேல் தெரிகிறது, வரப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், கிராமத்துச் சாலைகளின் ஓரங்கள் ஊறிப்போயிருக்கும். அந்த நிலையில் மஞ்சள் எச்சரிக்கையை நான் ஆரஞ்சாகவே எடுத்துக்கொள்வேன்.

அளந்து பார்க்க விரும்புவோர், மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் உயரம் நின்றால் ஒரு சென்டிமீட்டர் மழை. வேறு கணக்கு எதுவும் தேவையில்லை. வாய் அகன்ற வாளி இதற்கு உதவாது.

இரவும் அதிகாலையும்

மாலையில் வானம் வெளுத்து நட்சத்திரம் தெரிகிறதே என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் கரையோர மழை பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் வலுக்கும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, கடல் அப்படிக் குளிர்வதில்லை. நிலத்திலிருந்து கடல் நோக்கி இறங்கும் காற்றும் கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றும் கரையருகே சந்தித்து மேகத்தைத் திரட்டுகின்றன. காலை பத்து மணிக்கு மேல் அது தளர்ந்து வெயிலும் எட்டிப்பார்க்கும். வெயிலடிக்கும் நாளில் எதற்கு விடுமுறை விட்டார்கள் என்று ஆண்டுதோறும் எழும் முணுமுணுப்புக்கு விடை இதுதான்: ஆட்சியர் முடிவெடுத்தது பத்து மணிக்கு இருந்த வானத்தைப் பார்த்து அல்ல, ஐந்து மணிக்குப் பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்து. அறிவிப்பும் அதனால்தான் சில நாட்களில் முந்தைய இரவிலும், பல நாட்களில் காலை ஆறு, ஏழு மணிக்கும் வருகிறது.

காரைக்காலில், மழை மேகங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அதன் படத்தை வானிலைத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஒரு படத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. அரை மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று படங்களைப் பார்த்து, கடலின் மேல் இருக்கும் மழைப் பட்டை கரையை நோக்கி நகர்கிறதா, வடக்கே ஒதுங்கிப் போகிறதா என்று கவனியுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் கிழக்கே கடலில் பட்டைகள் வரிசையாக நின்றால், பள்ளி நேரத்தில் மழை இருக்கும். “அடுத்த மூன்று மணி நேரத்தில்” என்று தொடங்கும் எச்சரிக்கையையும் இந்த நேரத்தில் பார்க்க வேண்டும். ஐந்து நாள் முன்னறிவிப்பைவிட அதுவே அப்போது உதவும். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்ற தனியார் ஆர்வலர்களின் பதிவுகள் மழையை எளிமையாக விளக்கும், பயனுள்ளவையும்கூட. ஆனால் பள்ளி விஷயத்தில் கடைசி வார்த்தை ஆட்சியருடையது.

தஞ்சாவூர் மாவட்டத்தில் இருப்போர் இந்தக் கரையோரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பூதலூர், திருவையாறு போன்ற உள்பகுதிகளுக்குக் கடற்கரை அளவுக்கு மழை வருவதில்லை. அதே மாவட்டத்தின் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பாக் நீரிணையை ஒட்டியிருப்பதால், நாகை, திருவாரூருக்கு நெருக்கமான மழையையே பெறும். நாகைக்கும் திருவாரூருக்கும் இரவே விடுமுறை விட்டு, தஞ்சாவூருக்கு மட்டும் காலை வரை ஒன்றும் வராமல் இருப்பது வழக்கமான காட்சி.

என் கணக்கு

சிவப்பு எச்சரிக்கை என்றால் விடுமுறை ஏறக்குறைய உறுதி. வேலைகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கையும், ஏற்கெனவே இரண்டு நாள் மழையில் ஊறிய நிலமும் சேர்ந்தால், பெரும்பாலும் விடுமுறைதான். வறண்ட வாரத்துக்குப் பிறகு வரும் முதல் ஆரஞ்சு என்றால், பையை எடுத்து வைத்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து பாருங்கள். மஞ்சள் என்றால், தெருவில் தண்ணீர் நிற்காதவரை பள்ளி உண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். அரையாண்டுத் தேர்வு நடக்கும் டிசம்பர் நாட்களில் விடுமுறைக்குத் தயக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கல்லூரிக் கணக்கு வேறு: பள்ளிக்கு மட்டும் விடுமுறை விடும் நாட்கள் நிறைய உண்டு, பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிவைக்கப்படுவதைப் பல்கலைக்கழகமே தனியாக அறிவிக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் வழக்கமான மழைக்கு மட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, மழை நின்ற பின்னும் பள்ளிகள் திறக்கவில்லை. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன, ஓட்டுக் கூரைகள் பறந்திருந்தன, பள்ளிகளில் மக்கள் தங்கியிருந்தார்கள். புயல் நேராக நம் கரைக்கு வருகிறது என்றால், எத்தனை நாள் விடுமுறை என்று கணிப்பதை விட்டுவிட்டுக் குடிநீர், மெழுகுவத்தி, சார்ஜ் ஏற்றிய கைபேசி ஆகியவற்றைப் பாருங்கள்.

அறிவிப்பு உண்மையானதா?

மழைக்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் போலி விடுமுறைகளும் வரத் தொடங்கும். சென்ற ஆண்டு அறிவிப்பின் படத்தை யாரோ ஒருவர் அனுப்ப, பெற்றோர் குழு முழுவதும் அது பரவிவிடும். படத்தில் தேதியும் மாவட்டமும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கிழமையும் தேதியும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை ஒருமுறை பார்த்தாலே பழைய படங்கள் பாதி அடிபட்டுப்போகும். பிறகு ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்திலோ, செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் பதிவிலோ, செய்தித் தொலைக்காட்சியிலோ அதே செய்தி இருக்கிறதா என்று சரிபாருங்கள். தண்ணீர் சூழ்ந்தது, மரம் விழுந்தது போன்ற அவசரங்களுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070. விடுமுறை உண்டா என்று கேட்க அந்த எண்களை அழைக்காதீர்கள். அந்த நேரத்தில் வேறு யாருக்கோ அந்த இணைப்பு தேவைப்படும்.

அறிவிப்பின் வாசகத்தையும் கடைசி வரை படிக்க வேண்டும். பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா, குறிப்பிட்ட வட்டங்களுக்கா, மாணவர்களுக்கு மட்டுமா என்பது அதில்தான் இருக்கும். சில நாட்களில் நிலவரத்தைப் பார்த்துத் தலைமையாசிரியரே முடிவெடுக்கலாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் பள்ளியின் குறுஞ்செய்திக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

உள்ளூர் விடுமுறையை மழை விடுமுறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மயிலாடுதுறையில் ஐப்பசிக் கடைசி நாளின் கடைமுகத் தீர்த்தவாரிக்கும், தஞ்சாவூரில் ஐப்பசிச் சதயத்தில் வரும் ராஜராஜ சோழன் சதய விழாவுக்கும் விடப்படும் விடுமுறைகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகக் குறிக்கப்பட்டிருக்கும். மழை விடுமுறைக்கும் ஈடுசெய்யும் சனிக்கிழமைகள் வரும். எந்தச் சனிக்கிழமை என்பது பிறகுதான் முடிவாகும். ஆகவே மார்கழி, தை மாதச் சனிக்கிழமைகளில் வெளியூர்ப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.